சம்பந்தி பார்த்த பல்

ஜெயராமன் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தனகோட்டி மறுபடியும் கவனித்தார். மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர் பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. தளவானூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெண்ணைப் பெற்றவரின் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த உதட்டுக்குப் பின்னால் முன்பல் இரண்டு இல்லை. போன வாரம் வரை இருந்தன. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தனகோட்டிக்குச் சைக்கிள் கடை. காற்றடிக்கும்போது பம்பின் கைப்பிடி கழன்று துள்ளியதில் இரண்டும் போய்விட்டன.

"கடையெல்லாம் எப்பிடிப் போவுது?" என்றார் ஜெயராமன்.

"நல்லா போவுதுங்க" என்றார் தனகோட்டி, உதட்டை அசைக்காமல்.

"இன்னா சொன்னீங்க?" ஜெயராமன் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தார்.

தனகோட்டி தோள்துண்டை எடுத்து, மீசையைத் துடைப்பதுபோல் வாயை மூடிக்கொண்டு அதையே திரும்பச் சொன்னார். ஜெயராமனின் முகம் சுருங்கியது. கிளம்பும்போது, "பொண்ணு புடிச்சிருக்குது. மத்தத யோசிச்சி சொல்றோம்" என்றார்.

"மத்ததுன்னா இன்னாவாம்?" என்று அவர்கள் போனதும் கேட்டாள் தனகோட்டியின் மனைவி சுந்தராம்பாள்.

"என் பல்லு."

"உன் பல்லு அவுருக்கு எதுக்கு?"

உள்ளே மகள் ரஞ்சிதம், காலியான காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பல்லுக்காக இந்தச் சம்பந்தம் கெட்டுப்போனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது?

திண்டிவனத்தில் பல் கட்டுகிற ஒருவர் அவசரத்துக்கு ஒரு செட்டு செய்து கொடுத்தார். பல் இரண்டுதான். ஆனால் அதைத் தாங்கிய ரோஸ் கலர் தட்டு மேலண்ணம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு தளவானூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள்.

"கெணத்துல தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டார் தனகோட்டி. தட்டு ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமும் போயின.

ஜெயராமன் வாயையே பார்த்தார். "இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னொரு தபா."

பல் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறான் என்று தனகோட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுத்தம் திருத்தமாகச் சொல்லப்போய், செட்டு கழன்று கையிலிருந்த மோரில் விழுந்தது. ஜெயராமன் மோரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடியும் வாயைப் பார்த்தார்.

அதே மனிதர் சுந்தராம்பாளிடம் மட்டும் மாடு, கன்று, மழை என்று கலகலப்பாகப் பேசினார். சுந்தராம்பாளுக்குப் பல் வரிசை முழுசாக இருந்தது. பல் இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வீட்டில் மரியாதை என்று தனகோட்டி முடிவு செய்துகொண்டார்.

மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போனார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் அங்கே புது மாதிரியாகப் பல் வைக்கிறாராம்.

"தாடை எலும்புல திருகு எறக்கி, அது மேல பல்லு வைப்போம். ஆயுசுக்கும் கழலாது" என்றார் டாக்டர்.

எத்தனையோ வைத்தியம் கேள்விப்பட்ட தனகோட்டிக்கு முதல்முறையாக ஒன்று புரிந்தது. "மரை வலது சுத்தா, இடது சுத்தாங்க?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலது" என்றார். தனகோட்டி நிம்மதியாக வாயைத் திறந்தார்.

திருகு இறங்கிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார் டாக்டர். எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள மாசக்கணக்காகும். அதற்கு அப்புறம்தான் பல். அதுவரை ஈறில் தையல், வீக்கம், கஞ்சி.

எப்படியோ தளவானூரிலிருந்து சம்மதம் வந்தது. நிச்சயதார்த்தத் தாம்பாளம் மாற்றும் நாளில் தனகோட்டியின் மேலுதடு கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது. துண்டால் மூக்குக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"துண்ட எடுங்க சம்பந்தி" என்றார் ஜெயராமன்.

தனகோட்டி தலையை ஆட்டி மறுத்தார்.

"எப்ப பாரு மூஞ்சிய மூடிக்கிறாரு. எங்கிட்ட பேசப் புடிக்கலன்னா நேரா சொல்லிடட்டும்." ஜெயராமன் எழுந்து நின்றுவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு அப்படியே இருந்தது. கதவோரம் ரஞ்சிதத்தின் கண் நிறைந்தது.

அதைப் பார்த்ததும் தனகோட்டிக்கு மானம் போனாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. துண்டுக்குள்ளிருந்தே ஆரம்பித்தார். பம்பு அடித்தது, செட்டு மோரில் விழுந்தது, எலும்பில் திருகு இறங்கியது என்று ஒன்று விடவில்லை. "பல்லு இல்லாதது என் வாயிலங்க. எம் பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாது. என் வாயப் பாத்துப் பாத்து அவ வாழ்க்கையக் கெடுத்துடாதீங்க" என்று முடித்தபோது குரல் உடைந்தது. சுந்தராம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயராமன் மட்டும் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய தங்கை காத்தாயி மெதுவாக நகர்ந்து வந்து, தனகோட்டியின் பக்கத்தில் குனிந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே, வெளிய தெரிஞ்சா கௌரவக் கொறச்சல்னு நாங்க யாருகிட்டயும் சொல்றதில்ல, எங்க அண்ணனுக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காது, பேசறவங்க வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கும், அதனால துண்ட எடுத்துட்டு முதல்லேருந்து சொல்லுங்க."