தேனடக்கிச் சித்தரின் வாய்க்கட்டு

காஞ்சிபுரத்தில் சாமிக்குப் பஞ்சமில்லை. இருப்பது போதாது என்று நினைத்தோ என்னவோ, போன தை மாதம் புதிதாக ஒருவர் வந்து இறங்கினார். பெயர் தேனடக்கிச் சித்தர். தேனீ, குளவி, கதண்டு எதுவானாலும் ஒரே மந்திரத்தில் வாயைக் கட்டிவிடுவாராம். தேனீ கொட்டுவது வாயால் அல்ல, பின்பக்கத்தால் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். வாயைக் கட்டினால் பின்பக்கம் எப்படி அடங்கும் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு வீடியோ. பிறந்தநாள் கேக்கை மொய்த்துக்கொண்டிருந்த தேனீக்கள், சித்தர் கையைத் தூக்கியதும் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. அதே வீடியோவில் தெருவில் ஒரு நாய் பின்பக்கமாக நடந்து போனது. வீடியோவைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாயையும் சேர்த்துத்தான் சித்தர் அடக்கியிருக்கிறார் என்று பரவசப்பட்டார்கள்.

ஏனாத்தூர் சாலையில் சித்தர் பிடித்திருந்த வாடகை வீட்டின் முன் காலை ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். பிரியாணிக் கடைக்காரர் வருவார், பழ வண்டிக்காரர் வருவார், கல்லூரிச் சுற்றுலாவுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வருவார்கள். ஒருவர் கொசுவுக்கும் கட்டுப் போட முடியுமா என்று கேட்டார். "கொசு வேற டிபார்ட்மென்ட்டு" என்றார் சித்தர். அந்த நேர்மையைப் பார்த்துக் கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தக் கூட்டத்தில்தான் பிள்ளையார்பாளையம் நமச்சிவாயமும் நின்றார்.

நமச்சிவாயம் பட்டு நெசவாளர். ஜரிகையில் மயிரிழை பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் தேனீ என்றால் நடுக்கம். போன வருடம் ஒரு கிரகப்பிரவேசத்தில் பாயசத்தோடு ஒரு தேனீயையும் வாயில் போட்டுக்கொண்டார். நாக்கு வீங்கி மூன்று நாள் 'பழம்' என்பதைப் 'பயம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மகள் புவனேஸ்வரிக்கு நிச்சயதார்த்தம். வீடு முழுக்கத் தறி. ஐந்து பேர் சேர்ந்தாற்போல் உட்கார இடமில்லை. அதனால் செவிலிமேட்டில் ஒரு மாந்தோப்பைப் பிடித்துப் பந்தல் போட்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா காமாட்சியம்மாள் சகுனத்தில் டாக்டர் பட்டம் வாங்காத குறை. "பந்தியில வண்டு வந்து உக்காந்தா சம்பந்தம் நிக்காதுன்னு எங்க வீட்டுல ஒரு ஐதீகம் இருக்குது. பாத்து செய்ங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அன்றிலிருந்து நமச்சிவாயத்துக்குத் தூக்கமில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மதியமே சித்தர் இடம் பார்க்க வந்தார். செம்பிலிருந்து தீர்த்தம் எடுத்துப் பந்தல் கால்கள், மேசைகள் எல்லாவற்றிலும் தாராளமாகத் தெளித்தார். பிறகு மர நிழலில் கண்மூடி உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பந்தல் முழுக்க 'ங்ங்ங்' என்று இரைச்சல். எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. காலுக்குக் கால் தேனீ.

சித்தர் ஒரு கண்ணைத் திறந்தார். "பாத்தியா கோவத்த? தேனம்மன் குடியிருக்கிற தோப்பு இது. என்னைக் கேக்காம பந்தல் போட்டுட்ட."

"சாமி! இன்னா செய்யணும்? சொல்லுங்க சாமி!"

"கட்டு நான் போடறேன். அம்மனுக்கு ஒரு பட்டுப் பொடவை சாத்தணும். கடையில வாங்கினது ஆவாது. மணப்பொண்ணுக்குன்னு நெய்ஞ்சது இருக்கும் பாரு, அதான்."

எந்தச் சேலையைக் கேட்கிறார் என்று நமச்சிவாயத்துக்கு உடனே புரிந்தது. நாற்பது நாள் தறியில் குனிந்து, மகளின் முகூர்த்தத்துக்கென்று தன் கையால் நெய்த அரக்குச் சேலை அது. ஊருக்கெல்லாம் நெய்து கொடுத்தவர், சொந்த வீட்டுக்கென்று நெய்த முதல் சேலை. ஆனாலும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது புவனேஸ்வரி அழவில்லை. "ஏம்பா, அந்த அம்மனுக்குப் பொடவை கட்டத் தெரியுமா? ஆறு காலு இருக்குமே" என்று மட்டும் கேட்டாள்.

"வாய மூடுமா. சம்பந்தம் நின்னுடும்" என்றார் அவர். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சமையல்காரி கங்கையம்மாள் பாத்திரங்களோடு தோப்பில் வந்து இறங்கினாள். இருநூறு பேருக்கு ஒற்றை ஆளாய் நின்று சமைத்துப் போடுகிறவள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பந்தல் காலில் கை ஊன்றினாள். கை பிசுபிசுவென்று ஒட்டியது. சமையல்காரியின் கை வேறெங்கே போகும்? நேராக வாய்க்குப் போனது.

"அண்ணே, இங்க வாங்க. இது சக்கரைப் பாகு. ஒரு கம்பிப் பதம். ஏலக்காகூடப் போடல, கஞ்சப்பய."

"ஐயோ கங்கம்மா! தீர்த்தத்தப் போயி நக்கலாமா!" என்று பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் நமச்சிவாயம். கங்கையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாகையும் சேர்த்து மொய்க்கிற எறும்புகளையும் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை சித்தர் இரண்டு சீடர்களோடு வந்தார். சீடர்கள் வேப்பிலைத் தண்ணீரால் பந்தல் கால்களையும் மேசைகளையும் தேய்த்துக் கழுவினார்கள். தோப்பின் கோடியில் மஞ்சள் திரை கட்டினார்கள். உள்ளே ஒரு பெரிய பானை போனது. "அம்மன் குளிக்கிறா. எட்டிப் பாத்தா கண்ணு போயிடும்" என்று எச்சரித்துவிட்டுச் சித்தர் நாற்காலியில் அமர்ந்து, "ரீம் ரூம் ரீங்காரீ, வண்டு வாய் கட்டு, வாலும் சேத்துக் கட்டு" என்று ஆரம்பித்தார்.

அரை மணி நேரம். பந்தலில் ஒரு தேனீகூட இல்லை.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த காமாட்சியம்மாள்தான் முதலில் சித்தரின் காலில் விழுந்தார். அவரைப் பார்த்து மாப்பிள்ளை வீடு மொத்தமும் விழுந்தது. நமச்சிவாயம் கலங்கிய கண்ணோடு சேலைப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, ஒரு நிமிசம்." கங்கையம்மாள் அண்டாவின் மூடியைக் கையில் பிடித்தபடி வந்தாள். "சாமி, இந்தக் கட்டு எது வரைக்கும் நிக்கும்?"

"சூரியன் சாயற வரைக்கும்."

"சந்தோசம். பானை தொறந்திருந்தா என்ன, மூடினா என்ன, ஒண்ணும் ஆவாதுல்ல?"

சித்தரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முதல் முறையாக ஒரு வாய் உண்மையிலேயே கட்டப்பட்டது.

"அடியே, கண்ணு போயிடும்டி!" என்று காமாட்சியம்மாள் அலறினார். கங்கையம்மாள் திரையை விலக்கினாள். பானை நிறைய வெல்லக் கரைசல், மேலே அழுகின வாழைப்பழம், அதைச் சுற்றி ஊரில் உள்ள தேனீ எல்லாம். அவற்றை ஒன்றும் செய்யாமல், முந்தானையால் மெதுவாக விசிறி விலக்கி, மூடியைக் கவிழ்த்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. இப்ப மந்திரத்தச் சொல்லுங்க சாமி."

சித்தர் சொன்னார். ஐந்தாவது நிமிடம் பாயச வாளியில் முதல் தேனீ வந்து உட்கார்ந்தது. சித்தர் குரலை உயர்த்தினார். இன்னும் பத்து வந்தன. கத்தினார். ஜாங்கிரித் தட்டே மறைந்துபோனது. மந்திரம் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டன போல.

கங்கையம்மாள் மறுபடி போய் மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் பந்தல் காலியானது. அதோடு விட்டிருக்கலாம். மொய்க்கிற பூச்சிகளோடு பானையை அலுங்காமல் தூக்கி வந்து சித்தரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடக்குங்க சாமி. கிட்டத்துலயே இருக்குது. சுலபமா இருக்கும்."

சித்தர் நாற்காலி மேல் ஏறினார். ருத்திராட்சத்தைச் சுழற்றினார். தாடியை உதறினார். ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் தேனீயையும் பிடிக்கப் பார்த்தார்.

"யோவ், கைய வீசாத! ஆடாம நில்லு! அதுங்க உன்னக் கொட்ட வரல, சாப்பிட வந்திருக்குதுங்க!"

அவர் கேட்கவில்லை. ஓங்கி ஒரு அடி போட்டார். மூக்கு நுனியில் சரியாக ஒரு கொட்டு விழுந்தது. "ஐயோ அம்மா!" என்ற அலறலில் சீடர்கள் இருவரும் வேலி தாண்டினார்கள். குருவைக் கூட்டிப் போகும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கங்கையம்மாள்தான் பானையைத் தோப்பின் கோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள். தக்காளியாய் வீங்கிய மூக்கோடு சித்தர் முனகினார்: "பத்து வருசம் கரும்பு ஜூஸ் வண்டி வெச்சிருந்தேன்மா. இனிப்ப எங்க வெச்சா அங்க போவுதுங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும். பேரு வீரபத்திரன்."

"அதையே ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா கும்பிட்டிருப்பேன்யா. தேனீ வராம இருக்க இன்னா வேணும்? இனிப்ப மூடி வெய்யி. எச்சில் இலைய அப்பப்போ தூரமா கொண்டு போயி போடு. அதுங்களுக்கும் ஒரு தட்டு ஒதுக்குப்புறமா வெய்யி. அதுங்களும் பசிக்குத்தான வந்துக்கினு இருக்குதுங்க, சாபம் குடுக்கவா?"

"நான் அப்பவே நினைச்சேன், இவன் முழியே சரியில்லன்னு" என்றார் காமாட்சியம்மாள், நெற்றியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டபடி. பிறகு ஒரு யோசனை. "ஆனா பந்தியில வண்டு உக்காந்துடுச்சே..."

நமச்சிவாயம் சேலைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சம்பந்தியம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தார். "உக்காந்துச்சுமா. ஜாங்கிரி நல்லா இருக்குதுன்னு உக்காந்துச்சு. நீங்களும் உக்காருங்க, எலை போடறோம்."

காமாட்சியம்மாள் உட்கார்ந்தார். ஜாங்கிரி இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். தட்டு மாற்றினார்கள், மூடிகள் மூடியபடியே இருந்தன, தேனீக்கள் கோடியில் அவற்றின் பந்தியை நடத்திக்கொண்டன. நமச்சிவாயம் மகள் பக்கம் போய் நின்றார். பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு வேகமாக அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

மறு வாரம் ஏனாத்தூர் சாலையில் அதே வாடகை வீட்டின் முன் மறுபடியும் கூட்டம். கொசுவடக்கி அம்மையார் ஒருவர் வந்திருக்கிறாராம்.

தேனீக்கு நாலு அறிவுதான் என்று தமிழ் இலக்கணம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்த நாலை வைத்துக்கொண்டு அது காகிதப் பூவில் ஏமாந்து தேன் தேடி உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்ததில்லை. நமக்குக் கொடுத்தது ஆறு. வரிசையில் நிற்பதற்கு முன்னால் அந்தக் கூடுதல் இரண்டையும் ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பார்க்கலாம். வைத்த இடத்திலேயே துருப்பிடித்துவிடப் போகிறது.