தராசு நயினாரும் ரெண்டு லேப்டாப்பும்

செஞ்சிக் கோட்டையைக் கட்டினவர்கள் காலம் தொட்டு இன்றுவரை, தன் கடைக்கு வந்த ஆளைக் கையைப் பிடித்து எதிர்க்கடையில் கொண்டுபோய் விட்ட வியாபாரி ஒருவர்தான். அவர் எங்கள் தராசு நயினார்.

பஜார் தெருவில் என் சாப்பாட்டுக் கடைக்கு அடுத்த கடை அவருடையது. எவர்சில்வர் பாத்திரக் கடை. சொந்தப் பேர் என்னவென்று எனக்குத் தெரியாது, ரேஷன் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கலாம். ஜைனர் என்பதால் நயினார். எந்தப் பொருளையும் தனியாகப் பார்க்க வராது என்பதால் தராசு. ஒரு குடத்தைக் காட்டினால் இன்னொரு குடம் எங்கே என்பார். இரண்டையும் விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், அப்புறம்தான் பேச்சு.

ஒருமுறை தளவானூரிலிருந்து ஒரு அம்மாள் மகளுக்குச் சீர்க்குடம் வாங்க வந்தாள். நயினார் தன் குடத்தைத் தானே தட்டினார்.

"கேட்டியாம்மா? டொக்குனுது. எதிர்க்கடைக் கொடத்த தட்டிப் பாரு, கணீர்னும். அங்க போயி வாங்கு, வா, நானே கூட்டினு போறேன்."

"அப்போ நீ இன்னாத்துக்குக் கடை வச்சினுகீற?"

"ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு கடை வேணுமில்ல?"

கல்யாணமும் அவருக்கு இப்படித்தான் நடக்காமல் போனது. வயசுக் காலத்தில் இரண்டு இடத்தில் பெண் பார்த்தாராம். முதல் பெண்ணுக்குக் குரல் நன்றாக இருந்தது, இரண்டாவது பெண்ணுக்கு நிதானம் நன்றாக இருந்தது. யோசித்தார், யோசித்தார், முதல் பெண்தான் என்று முடிவுக்கு வந்தார். அவர் முடிவுக்கு வந்த வாரத்தில் அந்தப் பெண் தன் பிள்ளைக்குக் காது குத்தத் தாம்பாளம் வாங்க அவர் கடைக்கே வந்து நின்றாள். அவளையும் எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்தார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். சிரிக்க முடியாதது என் சமையலை அவர் எடை போட்டது. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அடுப்படியில் எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. பனமலையிலிருந்து பஸ் பிடித்து வந்து என் கடையில் சாப்பிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெங்காயம், கிழங்கு சேர்க்காமல் அவர் ஒருவருக்காகத் தனிக் குண்டானில் குழம்பு வைப்பேன். அதைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்வார்: "நல்லாத்தான் இருக்குதுக்கா. ஆனா பஸ் ஸ்டாண்டு கடையில இதவிட ஒரு படி மேல."

"அப்போ அங்கயே போறது!"

"அங்க ரசம் சரியில்ல."

இப்படிப்பட்ட ஆளிடம் என் மகளின் பிழைப்பை ஒப்படைக்கும்படி ஆகும் என்று நான் நினைக்கவேயில்லை.

என் மகள் கலா சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தாள். ஹாஸ்டல் வாசம். கண்டதைத் தின்று, தின்னாமல் கிடந்து, காய்ச்சல் வந்து, நான் போய்ப் பார்த்தபோது ஈர்க்குச்சி மாதிரி கட்டிலில் ஒட்டிக் கிடந்தாள். கையோடு செஞ்சிக்கு அழைத்து வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியும் விட்டது. ஆனால் அவளுடைய பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போனால் அதுவும் போகும். எங்கள் ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மீட்டிங் நடுவில் இவள் மறைந்து மறைந்து போனதில், மேலே இருக்கிற அதிகாரி கடைசியாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி ஆனால் சென்னைக்கே வந்துவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, திங்கட்கிழமை செஞ்சி முழுக்கப் பராமரிப்பு வேலை, காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அதே திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து கலாவுக்கு வருஷக் கணக்கு முடிக்கிற பெரிய மீட்டிங்.

புது லேப்டாப் வாங்குவது என்று முடிவானது. ஒரு தடவைதான் வாங்க முடியும், தப்பாகப் போனால் மாற்றிக்கொள்ள எங்களுக்கு வக்கில்லை. பஷீர் பாயின் கம்ப்யூட்டர் கடையில் பார்த்ததில் இரண்டு கடைசிவரை வந்து நின்றன. ஒன்று வெள்ளி நிறம், அப்பளம் மாதிரி மெல்லிசு. இன்னொன்று கறுப்பு, கனம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். கலாவுக்கு வெள்ளிமேல் கண்.

"மா, அந்தக் கறுப்பு செங்கல்லு மாதிரி இருக்குதுமா."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து நயினாரைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட மாத்திரத்தில் மனுஷர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படி மலர்ந்திருக்க மாட்டார்.

பாய் கடையில் போய் நின்றதும் இரண்டின் மூடியையும் முட்டியால் தட்டினார்.

"வெள்ளி நல்லா சத்தம் குடுக்குது. கறுப்பு பிளாஸ்டிக்கு. ஆனா மனசாட்சியுள்ள பிளாஸ்டிக்கு. பாய், ரெண்டையும் ஒரு நாள் குடுங்க, ஓட்டிப் பாக்கணும்."

"நயினாரே, இது இன்னா மாட்டுச் சந்தையா, ஓட்டிப் பாத்து வாங்க?"

"மாட்டையே ஓட்டிப் பாத்துதான் வாங்குறோம். இது பாலும் கறக்காது, சாணியும் போடாது. அப்போ எவ்ளோ ஓட்டிப் பாக்கணும்?"

பாய் பாவம், பார்வைக்கு வைத்திருந்த இரண்டையும் கொடுத்துவிட்டார். "யக்கா, கீறல் வுழுந்தா ரெண்டுமே உங்க ஊட்டுதுதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டதும் இரண்டையும் நானே முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் சோதனை. நயினார் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது தொடையில் ஒன்று, இடது தொடையில் ஒன்று வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"மாமா, இன்னா பண்றீங்க?" என்றாள் கலா.

"பேசாத. எது மொதல்ல சுடுதுன்னு தொட சொல்லும்."

நான் உள்ளே போய்ப் பருப்பை இறக்கிவிட்டு வந்தேன். மனுஷர் அசையவில்லை. திடீரென்று, "வெள்ளி!" என்று கத்தி இடது தொடையைத் தட்டிக்கொண்டார். "வெள்ளி சுடுது. ஆனா கறுப்பு கனத்துல காலு மரத்துப் போச்சி. இதுல ரெண்டும் சமம்."

அடுத்தது பேட்டரி. அதுதான் எங்களுக்கு உயிர். இரண்டையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கே வீடியோ கால் போட்டாள் கலா. நாளைக்கு மீட்டிங்கிலும் அதே வேலைதானே. போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஊளையிட்டன. தெருநாய் பதிலுக்கு ஊளையிட்டது. வெள்ளியைத் தூக்கி உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் அடங்கியது.

நயினார் கூடத்துக்கும் உள்ளறைக்கும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையாய் நடந்தார். இதன் முன்னால் கொஞ்சம், அதன் முன்னால் கொஞ்சம் முகத்தைக் காட்டினார்.

"யக்கா, வெள்ளியில இருக்குற நயினாரு செவப்பா இருக்கான். கறுப்புல இருக்குறவன் கொஞ்சம் மங்கல். ஆனா மங்கல்காரன் பேச்சு தெளிவு. இதுல எவன் நல்லவன்?"

"ரெண்டு பேரும் வந்து சாப்டுங்க" என்றேன்.

அன்றைக்கு அவருக்கு சதுர்த்தசி. ஒரே வேளைதான் சாப்பாடு. அதை என் வீட்டில் சாப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. இலை அறுத்து வைத்திருந்தேன். "இருக்கட்டும்க்கா. முடிவு தெரியட்டும், அப்றம் எல போடுங்க" என்றார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை. நயினார்மார் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். இவர் தண்ணீர்கூடத் தொட மாட்டார். சொன்ன சொல்லையும் மாற்ற மாட்டார்.

வெயில் இறங்கியது. இரண்டும் சாகவில்லை. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற எண்ணை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும். எந்நேரமும் வெள்ளிதான் மேலே இருந்தது. கறுப்பு பின்தங்கிப் பின்தங்கியே வந்துகொண்டிருந்தது. கலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ ஒரு கண் எண்ணில், ஒரு கண் ஜன்னலில். சூரியன் ராஜகிரி மலைக்குக் கிட்டே போய்விட்டது. நயினாருக்கு வயிறு உள்ளே போய் வாய் உலர்ந்திருந்தது.

"நயினாரே, சாயங்காலம்வரைக்கும் ரெண்டும் தாங்கிடுச்சி. வெள்ளி ஜாஸ்தி காட்டுது. அதான் முடிவு. உக்காருங்க, சோறு போடறேன்."

"இன்னும் ரெண்டும் உசுரோடதான கீது? ஓட்டம் முடியாம ஜெயிச்சது எதுன்னு எப்டி சொல்றது?"

"நாளைக்கி சாயங்காலமே கரண்ட்டு வந்துடும்னு சொல்லிட்டானே!"

"கரண்ட்டுகாரன் சூரியனப் பாத்தா கரண்ட்டு வுடறான்?"

சூரியனின் கீழ்ப்பாதி மலைக்குப் பின்னால் போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கலாவிடம், "அந்தக் கறுப்ப அமத்திடுடி. செத்துப்போச்சின்னு சொல்லிக்கலாம். மனுஷன் சாப்டட்டும்" என்று கிசுகிசுத்தேன். தட்டிய பாத்திரத்தின் மயிரிழை விரிசலே அவர் காதுக்குக் கேட்கும், இது கேட்காதா?

"யக்கா," என்றார், கோபமில்லாமல். "தராசுல வெரல் வெக்கிறீங்களே."

மலைமேல் இருந்த சிவப்பும் போனது. கலா விளக்கைப் போட்டாள். அறுத்து வைத்திருந்த இலையை எடுத்து மூலையில் சாய்த்துவைத்தேன். மனுஷர் கறுப்பின் எதிரில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் உள்ளறையில் பேச்சு மூச்சு இல்லை. கலா ஓடிப் போய்ப் பார்த்து, "மா!" என்றாள். வெள்ளி அணைந்து கிடந்தது. எண் இன்னும் நிறைய மிச்சம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டது. கூடத்தில் கறுப்பு, சின்ன எண்ணைக் காட்டிக்கொண்டு, மங்கலான நயினாரைக் காட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"செத்த முன்னாடி செத்துருக்கக் கூடாதா, கட்டையில போறது!" என்று நான் வெள்ளியைத் திட்டினேன்.

"திட்டாதீங்கக்கா. அது ஓட்டத்த அது ஓடிச்சி" என்று எழுந்தார். மரத்துப்போன காலை உதறிக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வீட்டுக்குப் போனார். பத்து வீட்டுக்குச் சமைத்துப் போட்ட எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சூரியன் கிளம்பியதும் வந்து உட்கார்ந்தார். அவருக்காகப் பொங்கல் வைத்திருந்தேன், நெய் கூடுதலாக. வழித்துச் சாப்பிட்டார். "ஆனா" எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இன்னா நயினாரே, பஸ் ஸ்டாண்டு பொங்கல் இதவிட மேலன்னு சொல்லலியா?"

"பசியில சாப்ட்டுட்டு எட போடக் கூடாதுக்கா. தராசு தப்பாக் காட்டும்."

பாய் கடை திறந்ததும் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறுப்பில் புதுசு ஒன்று வாங்கினோம். கடையிலேயே சார்ஜ் ஏற்றித் தந்தார், அவரிடம் இன்வெர்ட்டர் இருந்தது. மத்தியானம் மீட்டிங் ஆரம்பித்தது. கலா போன் நெட்டைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் நயினாரும் வெளியே உட்கார்ந்தோம். சூரியன் மலைக்குப் பக்கத்தில் வந்தபோது இலை போட்டேன், இந்தமுறை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். பொழுது சாய்ந்தது. கரண்ட் வரவில்லை. தெருவெல்லாம் இருட்டு. கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அந்தக் கீற்றையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அணைந்தால் என் மகள் சென்னைக்குப் போக வேண்டும். நயினார் உதடு அசைந்துகொண்டிருந்தது, மந்திரமோ, ஒப்பீடோ.

கதவு திறந்தது. கலா வெளியே வந்து, "முடிஞ்சிதுமா. இங்கயே இருன்னுட்டாங்க" என்றாள். அதன் பிறகு வெகுநேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது.

நயினார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கறுப்பு நல்லதுதான். ஆனா பாத்தியா கலா, வெள்ளியில நான் செவப்பா இருந்தேன்."

கலா இங்கேயேதான் இருக்கிறாள், அதே செங்கல்லோடு, நன்றாகச் சதை போட்டு. நயினார்தான் போன வருஷம் கடையை மூடிவிட்டு மேல்சித்தாமூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். தம்பி பெண்டாட்டி நன்றாகத்தான் சமைப்பாளாம், போனில் சொன்னார். ஆனா, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இப்போதும் சூரியன் ராஜகிரிக்குக் கிட்டே போகும்போது, கையில் கரண்டி இருந்தாலும் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நிற்கிறேன். இந்நேரம் அந்த மனுஷன் சாப்பிட்டிருப்பாரா என்று.