முதுகில் இறங்கிய வெயில்

என்னை ஒரு காலத்தில் அறிவாளி என்று நம்பியவர்கள் இருவர். ஒருவர் என் அம்மா, இன்னொருவர் நான். என் நிச்சயதார்த்தத்தன்று மாலை ஆறு மணிக்கு இருவரும் அந்த நம்பிக்கையைக் கைவிட்டோம்.

அப்போது நான் திருவொற்றியூரில், கப்பல் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் குமாஸ்தா. வெயில் ஏறுவதற்குள் ஏசி அறைக்குள் போனால், இருட்டிய பிறகுதான் வெளியே வருவேன். எடை தொண்ணூற்றெட்டு கிலோ (அம்மா கணக்கில் 'கொஞ்சம் பூசினாப்புல'). மீனாவைப் பெண் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை (இரண்டு நாள்தான்). ஆனால் அவள் அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "மாப்ளைக்கு உடம்புல எதுனா கோளாறு கீதா? நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். சம்பந்தம் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன்.

"வைட்டமின் டி ரொம்பக் கம்மி. உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி இல்லையா, அது கொழுப்புக்குள்ள போய்த் தங்கிடும், ரத்தத்துக்குச் சரியா வராது. மாத்திரை தரேன். எடையைக் குறைங்க, தினம் கொஞ்ச நேரம் வெயில்ல நடங்க" என்றார் அவர்.

யார்டு குமாஸ்தாவின் மூளைக்கு இது வேறு மாதிரி புரிந்தது. கொழுப்பு ஒரு யார்டு. உள்ளே போன பெட்டி லேசில் வெளியே வராது. ஆனால் யார்டு நிரம்பிவிட்டால்? மிச்சமெல்லாம் ரத்தத்துக்குத்தானே வந்தாக வேண்டும்! ஒரே நாளில் நிரப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நிச்சயதார்த்த ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தேன். பக்கத்தில் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கடல்காற்று மெல்ல வீசியது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. மூடிய இமைக்குள் எங்கும் ஆரஞ்சு நிறம். கிரேன்கள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, வெயிலைப் பெட்டி பெட்டியாகத் தூக்கி என் முதுகில் இறக்கின. ஒரு பெட்டியின் மேல் மீனா உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு எடையே இல்லை. அவளைச் சுற்றிச் சுற்றி மிதந்தேன்.

"இன்னாடா, இன்னும் இங்கயே கீறே? நெத்திலியே காஞ்சிப் போச்சி, நான் அள்ளிக்கினு போறேன்" என்று ஸ்டெல்லா அக்கா எழுப்பியபோது மணி இரண்டு.

மாலையில் சட்டை உரசினாலே உயிர் போனது. ஆனாலும் விறைப்பாக நிமிர்ந்து, சிரித்தபடி டோல்கேட் பகுதியில் இருந்த பெண் வீட்டுக்குள் நுழைந்தேன். "ஆளு கெத்தாத்தான் கீறாரு!" என்று மகிழ்ந்துபோன மீனாவின் அப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பழகிய கையால் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

நான் போட்ட அலறலில் தாம்பூலத் தட்டு கவிழ்ந்தது. "நான் சொல்லல? புள்ளைக்கு இன்னாமோ கீது!" என்றார் அவர், முகம் வெளிறி. எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீனா எழுந்து வந்து என் காலரை விலக்கிப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "நோவெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. வெயில்ல வெந்துகினு வந்துகீறாரு."

யார்டு கதையை ஒப்புக்கொண்டேன். கூடம் முழுக்கச் சிரித்தது. மீனா மட்டும் சிரிக்காமல், "எனக்கோசரமா?" என்று மெல்லக் கேட்டாள். தலையாட்டினேன். கழுத்தும் வலித்தது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவளோடு தினமும் காலையில் நடந்து நடந்து எடை இறங்கியது, வைட்டமினும் ஒருவழியாக ரத்தத்துக்கு வந்து சேர்ந்தது. மாமனார்தான் அதன் பிறகு என் முதுகைத் தொடுவதே இல்லை. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் சந்தோஷத்தில் கையை ஓங்கியவர், பாதியில் நினைவு வந்து, அப்படியே கும்பிடு போட்டார். வீட்டில் எல்லோரும் இதை நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். நானும்தான் சிரிக்கிறேன்.

ஆனால் மாமா, அது ஆறி ஒன்பது வருஷமாச்சு. ஒரு தட்டு தட்டுங்களேன்.