பூஞ்சைக்கு ஒரு டாக்டரம்மா

"பாண்டீஸ்வரி, இங்குட்டு வா! நம்ம பிள்ளைக மேலெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கு!"

மருதுபாண்டி வலையோடு குளத்தங்கரையில் நின்று அலறினான். பிள்ளைகள் என்றால் மீன்கள். முந்நூறு கெண்டைகளையும் புருஷனும் பெண்டாட்டியும் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் கிடந்தவன், மீன் வளர்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒக்கூருக்குத் திரும்பியிருந்தான். இவை செத்தால் பெண்டாட்டியை விட்டுவிட்டு மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

"மார்கழிக் குளிரு தாங்கலைங்க," என்றாள் பாண்டீஸ்வரி. "வயித்துக்கு நல்லாப் போடுங்க, தெம்பு வரும்."

கூடை கூடையாகத் தவிடும் புண்ணாக்கும் கொட்டினான். குளிரில் மந்தமாகிக் கிடந்த மீன்கள் வாயே திறக்கவில்லை. தின்னாதது அழுகித் தண்ணீர் நாறியது. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பஞ்சைத் துடைத்துவிட்டான். செதில் உரிந்த இடத்திலெல்லாம் புதுப்பஞ்சு முளைத்தது! இது பஞ்சில்லை, பூஞ்சை என்று அப்போதுதான் உறைத்தது. இவன் கை வைத்து எதுதான் உருப்பட்டது?

கடைசியில் சிநேகிதன் செம்மலைக்குப் போன் போட்டான். "பூஞ்சைக்கு நல்ல டாக்டர் யாருப்பா?"

"காரைக்குடியில துர்காதேவி டாக்டரம்மா. தோல் வியாதிக்குக் கைராசிக்காரவுக," என்று நம்பர் கொடுத்தான் செம்மலை.

உடனே கூப்பிட்டான். "அம்மா, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வெள்ளையாப் பூஞ்சைம்மா."

"எத்தனை பிள்ளைங்க?"

"முந்நூறும்மா. எல்லாம் ஒரே எடத்துலதான்."

"முந்நூறா! என்ன சாப்பாடு போடுறீங்க?"

"தவிடும் புண்ணாக்கும்..."

"நெஞ்சுல ஈரம் இருக்கா உங்களுக்கு? முதல்ல அதை நிறுத்துங்க! நெருக்கி அடைக்காதீங்க. சுத்தமான தண்ணி, நல்ல வெயில் வேணும். நாலு நாள்ல எனக்குத் தகவல் சொல்லணும்!"

திட்டு வாங்கியும் மருதுபாண்டிக்குக் கண் கலங்கியது. மீனுக்காக இப்படிப் பதறுகிற மனுஷி உலகத்தில் உண்டா! தீனியை நிறுத்தினான். கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சினான். பாதியைப் பக்கத்துக் குட்டைக்கு மாற்றினான். கவிந்திருந்த கருவேலங்கிளைகளை வெட்டி வெயில் விட்டான். நாலாம் நாளே பஞ்சு உதிரத் தொடங்கி, மீன்கள் துள்ளின. சிங்கப்பூர் இனி இல்லை!

நன்றி சொல்லாவிட்டால் சோறு இறங்குமா?

"அம்மா, எங்க குலசாமி நீங்கதான்! எல்லாம் தேறிருச்சுக. நாலுதான் செத்துப்போச்சு. தென்னங்கன்னுக்கு அடியில பொதச்சுட்டேன், கன்னுக்கு உரமாச்சு."

மறுமுனையில் நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"எந்த இடம்னு சொல்லுங்க." டாக்டரம்மாவின் குரல் நடுங்கியது. "நான் இப்பவே வர்றேன். எங்கேயும் போயிடாதீங்க."

வழி சொல்லிப் போனை வைத்தவன் அடுப்படிக்கு ஓடினான். "பாண்டீஸ்வரி, செத்த நாலுக்காக அந்தம்மா அழுகுறாகடி! நேர்லயே வாராக!"

அவள் வடைக்குச் சட்டியை வைத்தாள். அவன் ஓடிப்போய் ரோஜா மாலை வாங்கி வந்தான். இப்படியும் ஒரு தெய்வம் தன் வீடு தேடி வருகிறதே என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையே வந்தது.

வாசலில் ஜீப் நின்றது. மாலையோடு பாய்ந்தான். டாக்டரம்மாவுக்கு முன்னால் குதித்து இறங்கிய பெண் போலீஸ் அவன் கையைப் பிடித்தாள்.

"முந்நூறு பிள்ளைகளுக்குத் தவிட்டப் போட்டு, செத்த நாலையும் பொதச்ச ஹாஸ்டல் வார்டன் நீதானா?"