விநாடியாரும் எருமைக் கொம்பு வில்லும்

கண்டியில் விநாடியாரைவிட மெதுவாக நடந்த மனிதர் எவரும் இருந்ததில்லை. வேகத்தைப் பற்றி அவரைவிட அதிகம் பேசியவரும் இருந்ததில்லை. ஒரு மாலை கந்தோர் வேலை முடிந்து நானும் அவரும் மஹய்யாவை மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தபோது, மயானத்துக்குப் போன சவ ஊர்வலம் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி வழிவிட்டவர் என் காதருகே குனிந்து, "மணிக்கு ரெண்டே கால் மைல் தம்பி. தூக்கிறவங்களுக்குப் பசி போலிருக்கு" என்றார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வாவிக்கரைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைக் கந்தோரில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவருடைய உண்மைப் பெயரைக் கையெழுத்துப் புத்தகத்தில்தான் பார்க்கலாம். அதிலும் அநேகமாகச் சிவப்பு மையில், பிந்தி வந்தவர்கள் வரிசையில். எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர், நேரத்தில் கறார். "ஏன் காணும் இண்டைக்கும் பிந்தினது?" என்று அவர் கேட்டால், "நான் பிந்தலைங்க ஐயா, பூமி கொஞ்சம் முந்திருச்சு" என்று பதில் வரும்.

மாதா கோயில் பாதிரியார் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, அவர் விட்டுப்போன சாமான்களோடு ஒரு பௌதிகப் புத்தகமும் விநாடியாரிடம் வந்து சேர்ந்தது. முன் அட்டை இல்லை. கடைசி அத்தியாயம் இல்லை. இருந்ததை அவர் ஜெபப் புத்தகம் மாதிரி ஓதினார். ஓதிய பிறகு யாரையாவது பிடித்துச் செய்து காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் இரண்டு முத்திரைக் கட்டைகளை மேசை ஓரத்தில் வைத்தார். ஒன்றை அப்படியே கீழே தள்ளி, அதே நொடியில் மற்றதை அடிமட்டக் கோலால் வேகமாகச் சுண்டிவிட்டார். சுண்டியது அறையின் மறுமுனைக்குப் பறந்தது.

"சத்தம் ஒண்ணா ரெண்டா? சொல்லுங்க! எவ்வளவு வேகமா போனாலும், கீழே விழுறதுக்கு எல்லாத்துக்கும் ஒரே நேரந்தான்!"

மறுமுனையிலிருந்து பெரிய கிளாக்கரின் குரல் வந்தது. "ஓம், ஒரு சத்தம்தான் கேட்டது. மற்றது என்ர கால் பெருவிரலில விழுந்திட்டுது. இது கந்தோரோ, போர்க்களமோ?"

அன்று கந்தோர் முழுவதும் சிரித்தது. இனி நான் சொல்லப்போவது அவ்வளவு சிரிப்பான கதையில்லை. ஆனாலும் விநாடியாரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அதை விட்டுவிட்டு எழுந்தால் நான் இரண்டாம் தடவையும் கோழை ஆவேன்.

எங்கள் துரை இருபது வருடம் தோட்டத்தில் இருந்துவிட்டுக் கந்தோருக்குப் பொறுப்பாக வந்தவர். சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய பங்களாப் புல்தரையில் வெள்ளைக்காரர்கள் கூடி அம்பு விடுவார்கள். புள்ளி எழுத இரண்டு கிளாக்கர்மார் வேண்டும். அது நானும் விநாடியாரும். நாங்கள் எழுதலாம், அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுக்கலாம், வில்லைத் தொடக் கூடாது.

மற்றவர்கள் வைத்திருந்தது நேரான நெட்டை மர வில். துரையின் வில் மட்டும் வேறு. வட இந்தியாவில் பட்டாளத்திலிருந்த அவர் தம்பி அனுப்பியது. மரமும் எருமைக் கொம்பும் நரம்பும் சேர்த்து ஒட்டிய குட்டை வில். நாண் ஏற்றினாலும் இரண்டு நுனிகளும் எதிர்ப்பக்கமாக வளைந்து நிற்கும். விநாடியார் அதைப் பார்த்த அன்று புள்ளி எழுத மறந்துபோனார்.

"தம்பி, அந்த நுனி வளைவைப் பாருங்க. இழுக்கிறப்ப நிமிருது. விட்டதும் திரும்ப மடங்கி, கடைசியில நாணை ஒரு சுண்டு சுண்டுது. நெட்டை வில்லைவிட இதுல அம்பு வேகமாப் போகும். எவ்வளவு வேகம்னு அளக்கணும்."

"எப்படியண்ணே அளப்பீங்க? கூடவே ஓடுவீங்களா?"

அவர் நடையை நினைத்துக்கொண்டு நான் சிரித்தேன். அவர் அடுத்த சனிக்கிழமை ஒரு கொத்தனாரின் ரசமட்டத்தோடு வந்து சேர்ந்தார்.

அறுபது அடி தள்ளி ஒரு பலகையை நட்டார். துரை அம்பைப் பிடிக்கும் உயரத்துக்கே பலகையில் ஒரு கோடு கிழித்தார். அம்பை மேலே தூக்காமல், கீழே சாய்க்காமல், நேர் மட்டமாக விட வேண்டும். துரைக்கு அன்று நல்ல குணம். "ஏய் கிளாக்கர், என்னா வெளையாட்டு இது?" என்று கேட்டுக்கொண்டே விட்டார். அம்பு கோட்டுக்கு இரண்டரை அடி கீழே தைத்தது. விநாடியார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"இரண்டரை அடி விழ ஏறக்குறைய விநாடியில பத்துல நாலு பங்கு ஆகுங்க துரை. அந்த நேரத்துல அம்பு அறுபது அடி போயிருக்கு. அப்ப விநாடிக்கு நூத்தம்பது அடி!"

அதே தூரத்தில் வேறொரு துரையின் நெட்டை வில் விட்ட அம்பு மூன்றே கால் அடி இறங்கியது. வேகம் நூற்று முப்பத்து மூன்று. எங்கள் துரை மீசையைத் தடவிக்கொண்டார். அன்று முதல் அவர் குறி பார்ப்பதை விட்டுவிட்டார், வேகம்தான் வேண்டியிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் "நூற்றைம்பது" என்று சொல்லி, விநாடியாரைக் கைதட்டிக் கூப்பிட்டு, பென்சிலும் கையுமாக நிறுத்திக் காட்டுவார், வேடிக்கை காட்டும் குரங்கைக் காட்டுவது போல. விநாடியாருக்கு அது உறைக்கவில்லை. கணக்குக் கேட்க ஆள் கிடைத்ததே என்று பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்பில்தான் வாயைக் கொடுத்தார். "அம்பு கனம் குறைஞ்சா வேகம் இன்னும் கூடுமுங்க துரை" என்றார். துரை மெல்லிய அம்பு ஒன்று செதுக்கச் சொன்னார். அது ஒன்றே முக்கால் அடிதான் இறங்கியது. விநாடிக்கு நூற்றெண்பது! துரை குழந்தை மாதிரி குதித்தார். இன்னும் மெல்லியது, நாணல் தண்டில், முனையில் இரும்பே இல்லாமல் கூராகச் சீவி, உடனே செய்யச் சொன்னார். பெரிய இடத்து விருந்தாளிகள் வரும் சனிக்கிழமை அதை விட்டுக் காட்டப்போகிறாராம்.

நாணல் அம்பைக் கையில் வாங்கிப் பார்த்த விநாடியாரின் முகம் மாறியது.

"இது கூடாது தம்பி. வில்லு தன் பலத்தையெல்லாம் அம்புகிட்ட குடுக்கணும். வாங்கிக்க அம்புல கனம் இல்லாட்டி, மிச்சம் வில்லுக்கே திரும்பி வரும். வெறும் நாணை இழுத்து விட்ட மாதிரி. பழைய பசை, இந்த ஊர் ஈரம் வேற. உடைஞ்சிரும்."

"போய்ச் சொல்லுங்க."

"சொன்னேன். 'நீ பயந்தாங்கொள்ளி'ன்னாரு. எழுதிக் குடுப்போம்."

அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். அரைப் பக்கம். நானே கொண்டுபோய்த் துரையின் மேசையில் வைத்தேன். அவர் என் கண்முன்னே படித்தார், சிரித்தார், கசக்கிக் கூடையில் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை துரைசானிமார் குடைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துரை நாணல் அம்பைத் தொடுத்துக் காதுவரை இழுத்து விட்டார். துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அம்பு எப்படியோ போய்ப் பலகையில் தைத்தது. வில்லின் மேல்பாதி முறிந்து துரையின் கன்னத்தில் அறைந்தது. அவர் இடறிப் பின்பக்கமாகப் புல்லில் உட்கார்ந்தார். காயம் பெரிதில்லை. ஆனால் வரிசையிலிருந்து ஒரு துரைசானி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதற்குத்தான் மருந்தில்லை.

"நீதானே கணக்குப் போட்டது!" துரை எழுந்து விநாடியாரின் நேரே வந்தார். "உன் கணக்காலேதான் ஒடைஞ்சது!"

"நான் எழுதிக் குடுத்தேனுங்க துரை, விடக் கூடாதுன்னு. டைப் அடிச்சது இவருதான். கொண்டுவந்து வச்சதும் இவருதான்."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. துரை என்னைப் பார்த்து மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டார்: அப்படி ஒரு கடிதம் வந்ததா? அவர் கண்ணில் கேள்வி இல்லை, உத்தரவு இருந்தது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அந்த மாதம் பக்கத்துக் கந்தோரில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் இப்போது காரணம் என்று எழுதுகிறேன். அப்போது எனக்கு இருந்தது வெறும் பயம்.

"ஞாபகம் இல்லைங்க, துரை" என்றேன்.

விநாடியார் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று அவர்தான் சரியாகச் சொல்லியிருக்க முடியும். பிறகு துரையிடம், "எழுதணும்னு நெனச்சேனுங்க. எழுதாம விட்டுட்டேன் போல. இந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

திங்கட்கிழமை அவர் மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன், காலியாக இருந்தது. ஜன்னலோரமாக இருந்த அவருடைய கதிரையை எனக்குக் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன். பெரிய கிளாக்கர் மட்டும் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, "நல்ல காத்து வருதோ காணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

துரையின் கோபம் முந்திக்கொண்டு போயிருந்தது. கண்டியில் ஒரு கந்தோரிலும் விநாடியாருக்கு வேலை கிடைக்கவில்லை. ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தோட்டத்தில், தன் தம்பி வீட்டோடு ஒண்டிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெயர் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். போகத் துணிவு வர எனக்கு எட்டு மாதமாயிற்று.

வாசலில் அவர் மனைவி பிலோமினா அக்கா நின்றார். "வாங்க" என்று சொல்லவில்லை.

"அவரு ஒங்க மேல கோவமா இல்ல. நான் இருக்கேன்" என்றார்.

உள்ளேயிருந்து விநாடியார் வந்தார். மெலிந்திருந்தார். காதில் பென்சில் இருந்தது. என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "புள்ள என்ன புள்ள?" என்று கேட்டார். பெண் என்றேன். சந்தோஷப்பட்டார். வழியெல்லாம் தயார்செய்து வந்த மன்னிப்பை நான் தொடங்கினேன். அவர் கையை வீசி அதைத் தள்ளிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"அதை விடுங்க தம்பி. அந்தக் கடைசி அம்பு பலகையில தைச்சுதில்ல? கோட்டுக்கு எவ்வளவு கீழ? நீங்க அளந்தீங்கதானே?"

நான் அளக்கவில்லை. எல்லோரும் போன பிறகு பலகையைக் கழற்றி வைத்தவன் நான்தான். அம்பைப் பிடுங்கியவனும் நான்தான். அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"இல்லண்ணே."

"அதைக்கூடவா அளக்கலை?" என்றார். எழுந்துபோய் வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பொய்யை நின்ற இடத்திலேயே மன்னித்த மனிதர், இதை மன்னிக்க முடியாமல் வெகுநேரம் தவித்தார்.

இரண்டு வருடம் கழித்து மலைக்காய்ச்சலில் அவர் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. அல்லது பிலோமினா அக்கா அப்படித்தான் அனுப்பினார்.

அதற்குப் பிறகு அந்தக் கந்தோரில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பெரிய கிளாக்கராகவும் ஆனேன். ஆனால் காலையில் எழுந்து, இன்றைக்குக் கந்தோருக்குப் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது, விநாடியார் பக்கத்து மேசையில் இருந்த அந்த நான்கு வருடம் மட்டும்தான்.