மணிக்கு எரியாத பல்பு

சொந்த மூளையை நம்பாமல் தனியாக ஒரு மூளை செய்து வைத்துக்கொண்டவன் உலகத்திலேயே ஒருவன்தான். தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுக்கு நடுவே இருந்த பொறியியல் கல்லூரி விடுதியில் அவன் என் அறைத்தோழன். எல்லோருக்கும் அவன் 'மூளை'. எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரன், மெஸ் வரிசையில்கூட வென்றதில்லை. குளிக்கப் போனால் வாளியை மறப்பான், வாளியோடு போனால் சோப்பை மறப்பான்.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு நாங்களெல்லாம் சீனியர்களின் பழைய சர்க்யூட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். இவனோ, தானாகவே கற்றுக்கொள்ளும் சர்க்யூட் செய்யப்போவதாகச் சொன்னான்.

"ஆடு மேய்க்கிற எங்கய்யா மணிய ஆட்டுனா கிடையில கெடக்குற ஆடு பூரா எந்திரிச்சிரும். அதுக்கு எவம்லே புரோகிராம் எழுதுனான்?"

விஷயம் இதுதான். சர்க்யூட் இருக்கும் டப்பாவின் மேல் டார்ச் வெளிச்சம் பட்டால் பல்பு எரியும். வெளிச்சத்தோடு ஆட்டுமணியும் சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்தால், மணிக்கும் பல்புக்கும் உள்ளே இணைப்பு வலுவாகும். பிறகு மணி மட்டுமே போதும். நம் மூளையும் இப்படித்தான் படிக்கிறதாம். பழக்காமல் விட்டால் மறந்துவிடுமாம். கீச்சுச் சத்தத்துக்கு ஒரு வழி, கனத்த சத்தத்துக்கு ஒரு வழி என்று டப்பாவுக்குக் காது வேறு வைத்திருந்தான்.

பயிற்சி தினமும் நான் மதியத் தூக்கம் போடும் நேரத்தில். ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடிப்பான். பாதி வெளிச்சம் டப்பாவில், பாதி என் முகத்தில். மணியை ஆட்ட அவன் அநேகமாக மறந்துவிடுவான். கத்துவதற்கு நான் மறந்ததே இல்லை.

தேர்வு நாளில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் மணியை ஆட்டினான். பல்பு எரியவில்லை. கை வலிக்க ஆட்டினான். ம்ஹும். ஃபெயிலானால் ஒரு வருடம் போய்விடும், பெங்களூரில் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் சலிப்போடு மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்து அமுக்கிப் பார்த்தார். வெளிச்சம் நேராக என் முகத்தில் அடித்தது. என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

"ஏலே மூளை, அணைலே!"

தேர்வாளர் சட்டென்று டார்ச்சை அணைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

என்னை மறுபடியும் கத்தச் சொன்னார். மறுபடியும் எரிந்தது. இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மூளை டப்பாவைக் காட்டினான்.

"ஒருத்தரும் இல்ல சார். அதுவாப் படிச்சிட்டு."

அவர் சிரித்த சிரிப்பிலேயே அவன் பாஸ்.

இன்று அவன் மனித மூளையைப் போலவே வேலை செய்யும் சிப்புகளை வடிவமைக்கும் கம்பெனியில் இருக்கிறான். அந்த டப்பா என் குரலை எப்போதோ மறந்திருக்கும். ஆனால் வீட்டில் யாராவது திடீரென்று லைட்டைப் போட்டால் எனக்கு இன்றைக்கும் அவன் பேர்தான் வாயில் வருகிறது. அன்றைக்கு முழுக்க மனசு சந்தோஷமாக இருக்கிறது.