இடப்பக்க ஸ்பீக்கர்

இடப்பக்க ஸ்பீக்கர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டது.

வலப்பக்க ஸ்பீக்கர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. சண்டைக்குப் பிறகு ஒருத்தர் மட்டும் பேசுகிற வீடு மாதிரி இருந்தது கூடம்.

"மூணாவது தடவை," என்றார் தராசுக்காரர், நாற்காலியை விட்டு எழாமலே. "நான் அன்னைக்கே சொன்னேன். கலப்புன்னா இப்படித்தான்."

"கடைத் தம்பிக்கு ஃபோன் பண்ணட்டுமாங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி. கேட்கும்போதே எண்ணை அழுத்திவிட்டிருந்தாள்.

தராசுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். முப்பத்திரண்டு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் கம்பி கோத்து ஈய முத்திரை குத்திவிட்டு வருவது அவர் வேலை. பொய்த்தராசை வாசலில் நின்றே மோப்பம் பிடிப்பார் என்று பேர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில், கழித்துப்போட்ட பழைய முத்திரைக் குறடு ஒன்றை, அதிலிருந்த அரசு எண்ணை அழித்துவிட்டு, ஒரு டப்பா ஈயக் குண்டுகளோடு நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அது துணி அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

அவருக்குச் சங்கீதப் பைத்தியம் ஒன்றும் கிடையாது. இரண்டு மாதமாக வீட்டில் சத்தம் குறைந்துபோனதுதான் காரணம்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள். "அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. நம்ம ஆளுங்க இல்லை. அவர் பேரு..."

"பேரும் சொல்லாதே, தொழிலும் சொல்லாதே," என்று கையை உயர்த்தினார் அப்பா. "எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. ஒரே வீட்டுச் சாமான்தான் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும்."

அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதையுமே சொல்லவில்லை. "சாவி மேசை மேல இருக்கு", "மழை வரும் போலிருக்கு". இவ்வளவுதான். வாய் ஓயாமல் பேசுகிற பெண். வெளியூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாதக் கடைசியில் கிளம்புகிறாள் என்பதை அவர் அவளிடமிருந்து அல்ல, கூடத்து மூலையில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து தெரிந்துகொண்டார்.

அந்தப் பெட்டியைப் பார்க்காமலிருக்க ஏதாவது வேண்டியிருந்தது. "நல்ல பாட்டுப் பெட்டி ஒண்ணு வாங்கிக்கங்களேன்," என்றாள் மனைவி. "கடைத்தெரு முனையில ஒரு கடை இருக்காம். அங்க ஒரு தம்பி பொறுமையா விளக்குவாராம்."

பொறுமையாகத்தான் விளக்கினான். "பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே கம்பெனி எடுத்துக்கலாம் சார். ஸ்பீக்கர் மட்டும் வேற எடுத்தா நல்லா இருக்கும். ஸ்பீக்கரைக் கம்பெனி பார்த்து எடுக்கக்கூடாது, அறையைப் பார்த்து எடுக்கணும். உங்க கூடம் நீளம் கம்மி."

"ஒரே கம்பெனி," என்றார் தராசுக்காரர். "தலையிலேர்ந்து கால் வரைக்கும்."

"சரிங்க சார்."

ஒரே கம்பெனி வந்தது. பாடகர் வாயைத் திறந்ததும் ஜன்னல் கண்ணாடியும் கூடவே பாடியது. அலமாரித் தட்டில் தம்ளர்கள் நகர்ந்து ஒன்றையொன்று இடித்தன. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், நான்காம் நாள், "சரி, அந்த வேற ஸ்பீக்கரைக் கொண்டாங்க, சோதனைக்குத்தான்," என்றார். வந்தது. ஜன்னல் அமைதியானது. ஆனால் ஒரே வாரத்தில் மூன்று முறை இடப்பக்கம் ஊமையானது.

கடைத் தம்பி கருவிப் பையோடு வந்தான். அவன் வரும்போதெல்லாம் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பாவம், வெளியாளின் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அப்பாவுக்கு மனசு கனத்தது.

அவன் தரையில் படுத்து ஸ்பீக்கரின் பின்பக்கம் பார்த்தான். "வயர் தளர்ந்திருக்கு சார்."

"முந்தாநாளும் அதையேதான் சொன்னீங்க."

"முந்தாநாளும் தளர்ந்துதான் இருந்தது சார்." முறுக்கிவிட்டு எழுந்தான். கிளம்புவதற்கு முன் கூடத்தைப் பார்த்தான். நட்டநடுவே ஒரே ஒரு நாற்காலி இருந்தது. "அம்மா எங்க உட்காருவாங்க?"

"அவ எதுக்கு? அவளுக்குச் சமையலறையிலேயே கேட்கும்."

அவன் சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டான். இரண்டு ஸ்பீக்கர்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மாறி மாறி இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து கேட்டு, அரை மணி நேரம் செலவழித்தான். "இப்ப ரெண்டு பேரும் கேட்கலாம்மா," என்றான். போகிற போக்கில், ஒரு வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த பின்கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் கணவனும் மனைவியும் முதல் தடவையாகச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டு முழுவதும் கேட்டார்கள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இதைச் செய்ய ஏன் தோன்றவில்லை என்று தராசுக்காரர் யோசித்தார். கேட்கவில்லை.

மறுநாள் காலை இடப்பக்கம் செத்துக் கிடந்தது.

"போதும்," என்றார். "கலப்பே வேண்டாம். பழைய ஸ்பீக்கரையே திருப்பிக் கொண்டாங்க."

கொண்டுவந்தான். கழற்றிய ஜோடியைச் சுவரோரம் விட்டுவிட்டுப் போனான். ஜன்னல் மறுபடி பாடத் தொடங்கியது. மேல்மாடிக்காரர் இறங்கி வந்து, வீட்டில் ஏதாவது இடிக்கிறார்களா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இரண்டாம் நாள், ஒரே கம்பெனி, ஒரே ரத்தம், ஒரே தொழிற்சாலை என்று வந்த அந்தக் குடும்பத்திலும் இடப்பக்கம் பேச்சை நிறுத்திக்கொண்டது.

தராசுக்காரர் அதிர்ந்துபோனார். இனிக் கலப்பைக் குற்றம் சொல்ல முடியாது. கடைத் தம்பி வந்து ஐந்தாம் முறையாக வயரை முறுக்கிய பிறகு, அவர் அலமாரியைத் திறந்தார்.

"இப்ப பாருங்க," என்றார். வயர் முனையில் மெல்லிய கம்பி கோத்து, ஈயக் குண்டை மாட்டி, குறடால் ஓங்கி அழுத்தினார். முத்திரை விழுந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக் கம்பீரம் முகத்தில் திரும்பியது. "இனி எவன் தொட்டாலும் தெரிஞ்சுபோகும்."

"யாருங்க தொடப்போறா?" என்றாள் மனைவி, சலவைத் துணியை மடித்துக்கொண்டே. குறடைச் சட்டைகளுக்கு அடியில் அவளே பத்திரமாக எடுத்துவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து இடப்பக்கம் ஊமை. தராசுக்காரர் மண்டியிட்டுப் பார்த்தார். முத்திரை உடையவில்லை. அதற்கு உள்ளே வயர் தொளதொளவென்று ஆடியது.

"முத்திரை உடையாம தராசு கெட்டதை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை," என்றார், வந்து நின்ற கடைத் தம்பியிடம். குரல் இறங்கியிருந்தது. "இது மனுஷ காரியம் இல்ல தம்பி."

அவன் குனிந்து முத்திரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையை நிமிர்த்தினான். சமையலறை வாசலில் தராசுக்காரரின் மனைவி தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என் தப்புதான் சார்," என்றான். "சரியா முறுக்காம விட்டிருப்பேன். மன்னிச்சுக்கங்க."

தராசுக்காரர் அவனையே பார்த்தார். எத்தனை வியாபாரிகளை அவர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். பழி தராசு மேல் போகும், வேலைக்காரன் மேல் போகும், காற்று மேல்கூடப் போகும். என் தப்பு என்று ஒருவன்கூடச் சொன்னதில்லை. இந்தப் பிள்ளையைப் பெற்றவர்களைக் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"உட்கார்ந்து தேநீர் குடிங்க முதல்ல," என்றார். "அப்புறம் இதுக்கு ஒரு முடிவு கட்டுவோம். நேர்மையான முடிவு."

"கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க சார்," என்றான் அவன். "ரெண்டு ஜோடியும் இங்கேயே இருக்கு. எது பாடுதுன்னு நான் சொல்லமாட்டேன்."

அந்த யோசனை ஆய்வாளரின் ரத்தத்தைச் சூடாக்கியது. துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார். "மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் இடம் மாத்தி வையுங்க. தராசுன்னா தட்டை மாத்திப் பார்க்கணும். நீ தாள்ல குறிச்சுக்கோம்மா. நீ பொய் சொல்லமாட்டே."

"எழுதறேங்க," என்றாள் மனைவி அடக்கமாக.

மகளின் அறைக் கதவு மெல்லத் திறந்தது அவருக்குத் தெரியாது.

முதல் சுற்று. ஜன்னல் அதிரக்கூடாது என்று பாட்டை மெல்ல வைத்தான். ஒரு ஜோடியில் பாடகர் மேடையில் நின்று அறிவிப்பு செய்வது போலிருந்தது. இன்னொன்றில், எதிரே உட்கார்ந்து அவரிடம் மட்டும் சொல்வது போலிருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. "ரெண்டாவது," என்றார். இரண்டாம் சுற்று. "முதல்ல போட்டது." மூன்றாவது சுற்றில் இரண்டையும் இன்னொரு தடவை போடச் சொன்னார். மனசு ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் தட்டில் விரலை வைத்து அழுத்தும் பழக்கம் அவருக்கில்லை. "ரெண்டாவது," என்றார்.

துண்டை அவிழ்த்தார். "படி."

மனைவி தாளைப் பார்த்தாள். "மூணு தடவையும் வேற கம்பெனிதாங்க."

தராசுக்காரர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகுதான் கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு மூலையில், முக்கால்வாசி நிரம்பிவிட்ட அந்தப் பெட்டியை.

"தம்பி, எனக்கு ஒண்ணு விளங்கலை. எங்கேயோ பொறந்தது இதுக்கு எப்படிப் பொருந்துது?"

"அது ரொம்ப அழுத்தமான ஆம்ப்ளிஃபையர் சார். அதே கம்பெனி ஸ்பீக்கரும் அழுத்தம்தான். ரெண்டும் சேர்ந்தா இடிக்கும். இது கொஞ்சம் மென்மை. அதோட குறையை இது தாங்கிக்குது. இதோட குறையை அது தாங்கிக்குது."

"ம்," என்றார்.

அவர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். வெளியே ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அந்த ஆள் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் தராசையெல்லாம் சோதித்தவர், தன் வீட்டுத் தராசை ஒரு தடவைகூட நிறுத்துப் பார்க்கவில்லை. நிறுக்காமலே முத்திரை குத்திவிட்டிருந்தார். சாதாரண ஆய்வாளர் செய்தாலே வேலை போய்விடும் தப்பு அது.

"அம்மாடி," என்றார். இரண்டு மாதமாக அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"என்னப்பா?"

"பேரு சொல்லாதேன்னேன். தப்பு. பொருளைப் பார்க்காம தீர்ப்பு எழுதினேன்." மூலையைக் காட்டினார். "பெட்டியை மூடிவை. போறதுன்னா கோவிச்சுக்கிட்டுப் போகவேண்டாம்."

மகளின் கண் கலங்கியது. கடைத் தம்பி குனிந்து, ஏற்கெனவே முறுக்கியிருந்த வயரை மறுபடி முறுக்க ஆரம்பித்தான். வீட்டு விவகாரத்தில் தலையிடாத அந்தப் பண்பும் தராசுக்காரருக்குப் பிடித்திருந்தது. இந்த மாதிரி ஒரு பிள்ளை கிடைத்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. ஆய்வாளர் ஆய்வாளர்தான்.

"ஆனா ஒண்ணு," என்று விரலை உயர்த்தினார். "எடுத்தவுடனே சரின்னு சொல்லமாட்டேன். அந்தப் பையனைக் கூட்டிட்டு வா. பொறுமை இருக்கா, கோபக்காரனா, நாம தொந்தரவு கொடுத்தா எப்படி நடந்துக்கறான்னு, நான் என் முறைப்படி நல்லா சோதிச்சுப் பார்க்கணும்."

மனைவி துணி அலமாரிக்குப் போனாள். சட்டைகளுக்கு அடியிலிருந்து முத்திரைக் குறடை எடுத்து வந்தாள். ஈயக் குண்டு டப்பாவையும் எடுத்து வந்து, இரண்டையும் அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"சோதனையெல்லாம் முடிஞ்சுதுங்க. ஆறு தடவை நான் வயரைக் கழட்டிவிட்டேன், ஒரு தடவைகூட மாப்பிள்ளை முகம் சுளிக்கலை."